பழைய ஈக்கோ: தொழில் வண்டியாகக் கட்டுப்படியாகுமா?

தண்ணீர் கேன் போடுகிறவர், இட்லி மாவு பாக்கெட் சப்ளை செய்கிறவர், ஏசி மெக்கானிக், சின்ன அளவில் கேட்டரிங் செய்கிறவர் என்று எல்லோரும் தேடுவது கிட்டத்தட்ட ஒரே வண்டியைத்தான். முந்நூறு நானூறு கிலோ ஏற்ற வேண்டும், மழையில் சரக்கு நனையக் கூடாது, சந்துக்குள் திரும்ப வேண்டும், எரிபொருள் செலவு லாபத்தைத் தின்னக் கூடாது. பழைய வண்டி விற்கும் கன்சல்டிங்கில் இதைச் சொன்னால் முதலில் கொண்டுவந்து நிறுத்துவது மாருதி ஈக்கோவாகத்தான் இருக்கும். இங்கே எடைபோடுவது 2012 முதல் 2019 வரை வந்த ஈக்கோவை. ஆம்னியும் டாடா ஏஸும் ஒப்பிட்டுப் பார்க்க மட்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஈக்கோ நம்பி வாங்கக்கூடிய வண்டி. ஆனால் பெட்ரோலில் ஓட்டினால் அது மைலேஜ் வண்டி அல்ல. மாதம் 1000 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டம் இருந்தால், கம்பெனியிலேயே சிஎன்ஜி பொருத்தி வந்த வண்டியைக் காத்திருந்தாவது பிடிக்க வேண்டும். அதற்குக் குறைவாக ஓடுகிறவர்கள் மைலேஜைப் பற்றி ரொம்பக் கவலைப்படாமல், துரு இல்லாத பாடியும் சுத்தமான ஆர்சியும் உள்ள பெட்ரோல் வண்டியை எடுக்கலாம்.

எந்த வண்டி, எந்த இன்ஜின்

ஈக்கோ 2010 ஜனவரியில் வந்தது. அதற்கு முன் ஓடிய வெர்சாவின் உடம்புதான், மேல்பூச்சு மட்டும் குறைவு. 1196 சிசி, நாலு சிலிண்டர், 73 குதிரைத்திறன், 5 கியர். இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில், ரேடியேட்டர் மூக்கில், ஓட்டம் பின் சக்கரத்தில். சரக்குக்கென்றே வந்த கார்கோ மாடல் 2015இல் சேர்ந்தது. 2022 நவம்பரில் இன்ஜினையே மாற்றிவிட்டார்கள். இப்போது வருவது கே வரிசையைச் சேர்ந்த 1197 சிசி.

இந்த மாற்றத்தைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. ஏனென்றால் விற்கிறவர்கள் வாயில் வரும் மைலேஜ் கணக்கு பெரும்பாலும் புது இன்ஜினுடையது. 2022க்குப் பிறகு வந்த வண்டிக்கு கம்பெனி சொல்லும் அளவு பெட்ரோலில் 19.71, சிஎன்ஜியில் கிலோவுக்கு 26.78. பழைய இன்ஜினில் பிஎஸ்-6 புகை விதிக்கு மாறிய பிறகுகூட 16.11, 20.88 தான். அதுவும் சோதனைக்கூட அளவு. 2015 மாடல் வண்டியைக் காட்டி “லிட்டருக்கு 19 தரும் சார்” என்று ஒருவர் சொன்னால், அவருக்கு இன்ஜின் தெரியவில்லை, இல்லையென்றால் உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

ஆம்னியின் கதை வேறு. 1984இல் வந்த மாருதி வேன்தான் அது. 796 சிசி, மூணு சிலிண்டர், 4 கியர். புதிய மோதல் பாதுகாப்பு விதிகளுக்கு அந்த உடம்பு ஒத்துவராததால் 2019இல் உற்பத்தி நின்றது. ஊருக்குள் மட்டும், 250 கிலோவுக்குள் என்றால் ஆம்னி இன்றும் மலிவு. எந்தப் பட்டறையிலும் வேலை பார்ப்பார்கள், ஸ்பேரும் கிடைக்கும். ஆனால் மேம்பாலம் ஏறும்போது பின்னால் வருகிறவன் ஹாரன் அடிப்பதற்குப் பழகிக்கொள்ள வேண்டும். இப்போது சந்தையில் இருக்கும் ஆம்னிகளில் பல 15 வருடத்தை நெருங்கிவிட்டவை அல்லது தாண்டியவை. அந்த வயதில் என்ன செலவு வரும் என்பதைக் கீழே பார்க்கலாம்.

எரிபொருள் கணக்கு

லோடோடு, டவுனும் ஹைவேயும் கலந்து ஓடும் நல்ல நிலையில் உள்ள வண்டிகளை எடுத்துக்கொள்வோம். பழைய ஈக்கோ பெட்ரோலில் 12 முதல் 14 தரும். காலி வண்டியாக 60, 65 வேகத்தில் பைபாஸில் போனால் 16 வரும். 80ஐத் தாண்டினால் சட்டென்று இறங்கும், பெட்டி வடிவ வண்டிக்குக் காற்றுதான் எதிரி. சிஎன்ஜியில் கிலோவுக்கு 17 முதல் 20. ஆம்னி 14 முதல் 16. டீசல் டாடா ஏஸ், அதாவது 2005இல் வந்த 702 சிசி இரட்டை சிலிண்டர், 15 முதல் 18.

பெட்ரோல் 100, டீசல் 92, சிஎன்ஜி 90 ரூபாய் என்று வைத்து மாதம் 2000 கிலோமீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். ஈக்கோ பெட்ரோலுக்கு 13 என்று எடுத்தால் 15,400 ரூபாய். ஆம்னிக்கு 15 என்று எடுத்தால் 13,300. ஏஸுக்கு 16 என்றால் 11,500. ஈக்கோ சிஎன்ஜிக்கு 18 என்றால் 10,000. ஆம்னிக்கும் ஈக்கோவுக்கும் உள்ள 2,100 ரூபாய் வித்தியாசத்துக்காக இழுவையையும் இடத்தையும் விட்டுக்கொடுப்பது வீண். ஆனால் பெட்ரோல் ஈக்கோவுக்கும் சிஎன்ஜி ஈக்கோவுக்கும் மாதம் 5,400 ரூபாய் வித்தியாசம். வருஷத்துக்கு 65,000 ஆகிறது. அதே கணக்கை மாதம் 800 கிலோமீட்டருக்குப் போட்டால் வித்தியாசம் 2,150 தான். உங்கள் ஊரில் அன்றைய விலையை வைத்து நீங்களே ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு வண்டி தேடப் போங்கள்.

இதில் எத்தனாலையும் சேர்க்க வேண்டும். 2023 ஏப்ரலுக்கு முன் தயாரான வண்டிகள் இப்போது பங்க்கில் வரும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. எத்தனாலில் உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. இந்த மாதிரி பழைய நாலு சக்கர வண்டிகளில் மைலேஜ் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று நிதி ஆயோக்கின் 2021 எத்தனால் அறிக்கையே சொல்கிறது. 13 தந்த வண்டி 12 ஆகும். அதைவிட முக்கியம் ரப்பர். பழைய எரிபொருள் ஹோஸ்கள் வெடித்துக் கசியும், இன்ஜெக்டர் ஓ-ரிங் காய்ந்துபோகும். இன்ஜின் சீட்டுக்கு அடியில் இருக்கும் வண்டியில் உள்ளே பெட்ரோல் வாடை வந்தால் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. வாங்கிய வாரத்திலேயே ஹோஸ்களைப் புதிதாகப் போட்டுவிடுங்கள், பெரிய செலவு இல்லை.

சிஎன்ஜி வண்டி பார்க்கும்போது

கம்பெனி சிஎன்ஜியா, வெளியில் போட்டதா என்பதை ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஆர்சியில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோலோடு சிஎன்ஜியும் இருக்க வேண்டும். வண்டியில் சிலிண்டர் இருந்து ஆர்சியில் வெறும் பெட்ரோல் என்று இருந்தால், விபத்தோ தீயோ நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கையைக் கழுவ அதுவே போதும். எஃப்சி என்கிற தகுதிச் சான்றும் கிடைக்காது.

சிலிண்டரை 3 வருடத்துக்கு ஒருமுறை ஹைட்ரோ டெஸ்ட், அதாவது தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பலம் பார்க்கும் சோதனை, செய்ய வேண்டும். டெஸ்ட் தேதி சிலிண்டரோடு இருக்கும் தகட்டிலும் சான்றிதழிலும் இருக்கும். விற்கிற பல வண்டிகளில் டெஸ்ட் முடியப் போகிற மாதத்தில்தான் விற்க மனசு வந்திருக்கும். தேதி முடிந்திருந்தால் அந்தச் செலவையும், வண்டி நிற்கும் நாட்களையும் விலையில் கழியுங்கள். சிலிண்டரைக் கட்டியிருக்கும் பட்டைக்கு அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தண்ணீர் கேன் ஓடிய வண்டியில் பட்டைக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஈரம் தங்கி துரு ஆழமாகப் போயிருக்கும். மேலோட்டமான செம்மண் நிறம் பரவாயில்லை. விரலால் தேய்த்தால் செதில் செதிலாக வந்தால் அந்தச் சிலிண்டர் டெஸ்ட்டில் தேறுவது கஷ்டம்.

ஓட்டிப் பார்க்கும்போது பெட்ரோலில் ஒருமுறை, கேஸில் ஒருமுறை ஓட்டுங்கள். பிளக்கோ காயிலோ பழுதாகத் தொடங்கினால் முதலில் கேஸில்தான் தெரியும். கேஸ் எரியப் பெட்ரோலைவிட அதிக மின்னழுத்தப் பொறி வேண்டும். மேடு ஏறும்போது கேஸில் மட்டும் திக்கினால் பெரும்பாலும் பிளக் வேலைதான். இரண்டிலும் திக்கினால் யோசிக்க வேண்டும். பெட்ரோலில் ஸ்டார்ட்டே ஆகாமல் நேராகக் கேஸில் எடுத்துக்காட்டினால், டேங்கில் உள்ள பம்ப் போயிருக்கிறது என்று அர்த்தம். கேஸ் இருக்கிறதே என்று டேங்கை வற்றவிட்டு ஓட்டினால் பம்ப் சூடாகி இப்படித்தான் ஆகும். கால் டேங்க் பெட்ரோல் எப்போதும் இருக்க வேண்டும்.

வெளியில் போட்ட கிட் எல்லாமே மோசம் என்றில்லை. அந்த மாடலுக்கு அனுமதி பெற்ற சீக்வென்ஷியல் கிட் (ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாகக் கேஸ் விடுவது), ஆர்டிஓவில் ஏற்றிய ஆர்சி, இன்சூரன்ஸில் குறிப்பு மூன்றும் இருந்தால் எடுக்கலாம். பெட்ரோல் வண்டி வாங்கி நீங்களே போடுவதாக இருந்தால், எல்லாம் சேர்த்து 55,000 ஆகிறது என்று வைத்தால், 2000 கிலோமீட்டர் ஓட்டத்தில் 10 மாதத்தில் திரும்பிவிடும். 800 ஓடுகிறவருக்கு 2 வருஷத்துக்கு மேல் ஆகும்.

இரண்டு குறைகளையும் சொல்ல வேண்டும். சிலிண்டரும் அதன் சட்டமும் சேர்ந்து சுமார் 100 கிலோ கூடுதல். அந்த அளவு சரக்கு குறையும், இடமும் போகும். ஒரு ஃபில்லிங்கில் சுமார் 150 கிலோமீட்டர் ஓட்டத்துக்குத்தான் நம்ப முடியும். உங்கள் ரூட்டில் பங்க் இல்லையென்றால், இருந்தும் காலையில் ஒரு மணி நேரம் வரிசை என்றால், மேலே போட்ட கணக்கு காகிதத்தோடு சரி. எல்பிஜி வண்டிகள் மலிவாக வரும். ஆட்டோ எல்பிஜி பங்க் பக்கத்தில் இருந்தால் மட்டும் பாருங்கள். வீட்டு சிலிண்டரில் இருந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அந்த இடத்தைவிட்டுக் கிளம்பிவிடுங்கள். சட்டப்படியும் தவறு, சீட்டுக்கு அடியில் இன்ஜின் கொதிக்கும் வண்டியில் உயிருக்கும் ஆபத்து.

இன்ஜின்: எல்லாம் சூட்டில்தான் ஆரம்பம்

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது போய்ப் பாருங்கள். “இப்பதான் ஒரு லோடு இறக்கிட்டு வந்தேன்” என்று சுடச்சுட நிற்கும் வண்டியில் பாதி நோய் மறைந்துவிடும். முன் சீட்டைத் தூக்கி ரேடியேட்டர் ஹோஸைத் தொடுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். செல்ஃப் அடித்தால் ஒன்றிரண்டு சுற்றில் எடுக்க வேண்டும்.

இந்த இன்ஜின் எளிதில் சாகாது. சாகடிப்பது சூடு. ரேடியேட்டர் முன்னாலும் இன்ஜின் நடுவிலும் இருப்பதால் கூலன்ட் நீண்ட குழாய்களில் தரைக்கு அடியில் போய் வருகிறது. கூலன்ட்டுக்குப் பதில் பைப் தண்ணீர் ஊற்றி ஓட்டினால் இந்தக் குழாய்கள் உள்ளிருந்தே துருப்பிடித்து ஒழுகும். ஒழுகிய தண்ணீரை அடிக்கடி நிரப்பி ஓட்டும்போது நடுவில் காற்று அடைத்துக்கொள்ளும். டப்பாவில் தண்ணீர் நிறைந்திருக்கும், இன்ஜின் மட்டும் கொதிக்கும். அப்படி இரண்டு தடவை கொதித்த வண்டிக்கு ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். ரிசர்வ் டப்பா மூடியைத் திறந்து பாருங்கள். பச்சையோ நீலமோ நிறமாக இருந்தால் நல்லது. தேநீர் நிறத்தில் இருந்தால் துருத் தண்ணீர். மேலே எண்ணெய்ப் படலம் மிதந்தாலோ, ஆயில் மூடிக்கு அடியில் மோர் மாதிரி வெளுப்பு இருந்தாலோ பேரம் பேசவே வேண்டாம்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போடும் பழக்கம் ஒன்று இருக்கிறது. சூடாகிறது என்று வண்டி வந்தால், காரணத்தைத் தேடாமல் தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு “சரியாயிடுச்சு” என்று அனுப்பிவிடுவார்கள். அதன் பிறகு இன்ஜின் வேண்டிய சூட்டுக்கே வராது. இன்னும் ஆறிய இன்ஜின்தான் என்று நினைத்து ஈசிஎம், அதாவது இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர், பெட்ரோலைக் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டிருக்கும். 13 தர வேண்டிய வண்டி 10, 11 தரும். உரிமையாளர் பிளக் மாற்றுவார், ஃபில்டர் மாற்றுவார், மைலேஜ் வராது. கண்டுபிடிப்பது சுலபம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் ஹோஸில் கை வையுங்கள். தெர்மோஸ்டாட் இருந்தால் சில நிமிடம் ஹோஸ் சில்லென்றே இருந்து, வால்வு திறந்ததும் சட்டென்று சுடும். இல்லையென்றால் முதல் நிமிடத்தில் இருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். மைலேஜ் மோசம் என்று விலை குறைத்து விற்கும் வண்டியில் சில சமயம் இது மட்டும்தான் குறை. அப்படிப்பட்ட வண்டி கிடைத்தால் லாபம். ஆனால் முதலில் ஏன் கழற்றினார்கள் என்ற கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். ரேடியேட்டர் அடைப்பா, ஃபேன் ஓடவில்லையா, கேஸ்கெட்டா? அதனால் வண்டியை ஐடிலில் நிறுத்தி, ஃபேன் தானாக ஓடி, தானாக நிற்கும்வரை காத்திருங்கள். விற்பவர் அவசரப்படுத்துவார், பரவாயில்லை.

புகையைப் பொறுத்தவரை, 5 நிமிடம் ஐடிலில் விட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது நீலமாக ஒரு மூச்சு வந்து நின்றால் வால்வு சீல். தொடர்ந்து நீலம் என்றால் ரிங் தேய்ந்துவிட்டது, ஆயில் குடிக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்தால் லேசான காற்று வரலாம். பக் பக்கென்று புகை தள்ளினால் இன்ஜின் வேலை நிச்சயம்.

டைமிங்குக்கு இந்தப் பழைய இன்ஜினில் செயின் இல்லை, பெல்ட். 1 லட்சம் கிலோமீட்டருக்குள் மாற்றியிருக்க வேண்டும். பில் காட்டினால் நம்புங்கள். வாய்ச்சொல் என்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொண்டு, வாங்கியதும் பெல்ட், டென்ஷனர், முன் ஆயில் சீல் எல்லாம் ஒரே பிரிப்பில் மாற்றிவிடுங்கள். வாட்டர் பம்ப்பில் கசிவுத் தடம் இருந்தால் அதையும் சேர்த்தே முடித்துவிட்டால் கூலி ஒன்றுதான்.

கீழே படுத்துப் பார்க்க வேண்டியவை

பின் சக்கரத்துக்கு ஓட்டம் போகும் ஷாஃப்ட்டில் இரண்டு முனையிலும் கிராஸ் ஜாயின்ட் இருக்கிறது. கிளட்ச் விடும்போது கீழே ‘டக்’ என்று ஒரு சத்தம், 60 வேகத்தில் தரையில் ஒரு அதிர்வு, இரண்டும் இதன் அறிகுறி. சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஷாஃப்ட்டைக் கையால் இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கப்பைச் சுற்றி குங்குமம் போலச் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தால் உள்ளே கிரீஸ் காய்ந்து ஊசி பேரிங் பொடியாகிக்கொண்டிருக்கிறது. செலவு அதிகமில்லை. விட்டுவைத்தால் கியர்பாக்ஸ் பின் சீலும் சேர்ந்து போகும்.

கிரவுன் ஹவுசிங்கில், அதாவது பின் ஆக்சில் நடுவில் உள்ள பல்சக்கரப் பெட்டியில், பினியன் சீல் ஒழுகுகிறதா என்று பாருங்கள். 50இல் ஆக்ஸிலேட்டரை எடுத்ததும் பின்னால் ஊளைச் சத்தம் வந்தால் பல் தேய்மானம். பின் சக்கர டிரம்மின் உள்பக்கம் ஆயில் வடிந்திருந்தால் ஆக்சில் சீல் போய், பிரேக் ஷூ நனைந்திருக்கும். அந்த வண்டி பிரேக் அடித்தால் ஒரு பக்கம் இழுக்கும்.

5 கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி நாலு ரிம்மையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகமாகச் சுட்டால் அந்தப் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன் சக்கரம் என்றால் பிரேக் காலிப்பரின் ஊசி சிக்கியிருக்கும், பின் சக்கரம் என்றால் ஷூ இறுக்கமாக வைக்கப்பட்டிருக்கும் அல்லது ஹேண்ட்பிரேக் கேபிள் துருப்பிடித்திருக்கும். டயர் காற்றுக்கு அடுத்தபடி மைலேஜைத் திருடுவது இதுதான்.

டயரில் எல்டி (LT) என்ற குறி இருக்கிறதா பாருங்கள். சுமை வண்டிக்கு அந்த டயர்தான் வேண்டும். சாதாரண கார் டயர் போட்ட வண்டி பக்கவாட்டில் வீங்கியிருக்கும்.

துரு

பாடியை வெளியில் பார்ப்பதில் பயனில்லை. பட்டி பார்த்து பெயின்ட் அடித்தால் எல்லா வண்டியும் பளபளக்கும். ஸ்லைடிங் கதவைத் திறந்து கீழ் ரெயிலுக்குள் விரலை விடுங்கள். மண்ணும் தண்ணீரும் தங்குவது அங்கேதான். ரெயில் ஓட்டை விழுந்திருந்தால் கதவு கடைசி நாலு விரல் தூரத்தில் எழும்பி இறங்கி மூடும். கீழ் உருளை தேய்ந்திருந்தாலும் அப்படித்தான். உருளை என்றால் மாற்றிவிடலாம். ரெயில் என்றால் வெட்டி ஒட்டும் டிங்கரிங் வேலை. அடுத்து ரப்பர் மேட்டைத் தூக்கிவிட்டு முன் சக்கர வளைவுக்குப் பின்னால் உள்ள தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். பிறகு பின் கதவின் அடி விளிம்பு, கூரை ஓரத்தில் தண்ணீர் வழியும் பள்ளம்.

முன்பு என்ன ஓடியது என்பது எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதைவிட முக்கியம். மீன் பெட்டி ஏற்றிய வண்டியை, தூத்துக்குடி ஆனாலும் நாகப்பட்டினம் ஆனாலும் காசிமேடு ஆனாலும், இலவசமாகக் கொடுத்தாலும் யோசியுங்கள். ஐஸ் தண்ணீரில் கலந்த உப்பு தரைத் தகட்டின் இரண்டு அடுக்குக்கும் நடுவில் போயிருக்கும். பால், தண்ணீர் கேன் வண்டிகள் அதற்கு அடுத்த நிலை. ஸ்கூல் டிரிப் அடித்தவற்றில் பாடி நன்றாக இருக்கும், கிளட்ச்சும் கியர்பாக்ஸும் களைத்திருக்கும், இரண்டாவது கியர் விழும்போது கரகரக்கும். கூரியர் வண்டிகள் அதிகம் ஓடியிருக்கும், ஆனால் ஹைவே ஓட்டம், ஒழுங்கான சர்வீஸ். 1.5 லட்சம் ஓடிய கூரியர் ஈக்கோவை 60,000 காட்டும் தண்ணீர் கேன் ஈக்கோவைவிட மேலாகச் சொல்லலாம். 60,000 என்பது உண்மையா என்பதும் கேள்விதான். மீட்டரைக் குறைப்பது கஷ்டமில்லை, தேய்ந்து வழவழப்பான பெடல் ரப்பரைப் புதிதாக்கத்தான் மறந்துவிடுவார்கள். கம்பெனி சர்வீஸ் பில்களில் ஒவ்வொரு தேதிக்கும் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும், கேட்டு வாங்கிப் பாருங்கள்.

வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா

மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் 5 சீட் வெள்ளை போர்டு ஈக்கோ. பின் சீட்டைக் கழற்றிவிட்டுச் சரக்கு ஏற்றலாம் என்பது எல்லோருக்கும் தோன்றும் யோசனை. மோட்டார் வாகனச் சட்டப்படி, சரக்குக்கென்று செய்யப்படாத வண்டியும் சரக்கு ஏற்றப் பயன்பட்டால் அது சரக்கு வண்டிதான். அபராதம் ஒருபுறம் இருக்கட்டும். தனியார் கார் பாலிசியில் மாதிரிப் பொருளும் சொந்த லக்கேஜும் தவிர வேறு சரக்கு ஏற்றினால் காப்பீடு பொருந்தாது என்று தெளிவாகவே எழுதியிருக்கும். மாவு பாக்கெட் ஏற்றிப் போகும்போது யார் மீதாவது மோதினால் அதுவரை மிச்சம் பிடித்த பெட்ரோல் காசு எல்லாம் போதாது. சீட்டைக் கழற்றுவதும் ஆர்சியில் ஏற்ற வேண்டிய மாற்றம்.

சரக்கு ஏற்றத்தான் வண்டி என்றால், ஆர்சியில் சரக்கு வண்டி என்று பதிவான கார்கோவைத் தேடுங்கள். மொத்த எடை 3000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குப் பெர்மிட் தேவையில்லை, ஈக்கோ அந்த வரம்புக்கு வெகு கீழே. எஃப்சி மட்டும் 8 வருடம் வரை 2 வருடத்துக்கு ஒருமுறை, அதன் பின் வருடா வருடம். எல்எம்வி (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தாலே இந்த எடை வண்டியை ஓட்டலாம், தனியாகப் போக்குவரத்து அனுமதி வேண்டாம் என்பதை உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது. எவ்வளவு ஏற்றலாம் என்பதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆர்சியில் சுமையோடு எடை, வெற்று எடை இரண்டும் இருக்கும். கழித்து, ஓட்டுநருக்கும் உதவியாளுக்கும் 130 கிலோ விட்டால் மீதி உங்கள் சரக்கு. 700, 800 கிலோ அன்றாடம் ஏற்றுகிறவருக்கு ஈக்கோ பொருந்தாது, ஏஸ் எடுங்கள்.

ஏஜென்ட்டை நம்பாமல் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டு வாகன வகை, எஃப்சி தேதி, இன்சூரன்ஸ், கடன் பதிவு எல்லாம் பாருங்கள். டியூ முடிந்துவிட்டது என்று சொன்னாலும் ஆர்சியில் பைனான்ஸ் பெயர் இருந்தால், அந்தக் கம்பெனியின் என்ஓசியும், கடன் பதிவை நீக்கும் படிவம் 35ம் கையில் வந்த பிறகுதான் முழுப் பணம். இ-சலான் பாக்கியும் பார்த்துவிடுங்கள். 2021 ஜூலை முதல் 2023 பிப்ரவரி நடுப்பகுதி வரை தயாரான வண்டிகளில் ஸ்டியரிங் டை ராடுக்காக மாருதி 2023இல் திரும்ப அழைத்தது. அந்த வயது வண்டி என்றால் சேஸிஸ் எண்ணைக் கொடுத்து, மாற்றிவிட்டார்களா என்று கேளுங்கள்.

15 வருடம் தாண்டிய வெள்ளை போர்டு வண்டிக்கு ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். அந்தக் கட்டணத்தை 2022 ஏப்ரலில் காருக்கு 600இல் இருந்து 5,000 ரூபாய் ஆக்கினார்கள். பசுமை வரி தனி. அதோடு டிங்கரிங் செய்து எஃப்சிக்குக் காட்டும் செலவு. பழைய ஆம்னியின் மலிவு இதில்தான் கரைகிறது.

விலை

2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவு வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28இல் இருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, புது வண்டி விலையும் இறங்கியது. பழைய வண்டி விற்கிறவர்களில் பலர் இன்னும் முந்தைய விலையை மனதில் வைத்துத்தான் பேசுகிறார்கள். போகும் முன் புது ஈக்கோ கார்கோவின் இன்றைய ஆன்-ரோடு விலையைக் கேட்டுக்கொண்டு போங்கள். 7, 8 வயது வண்டிக்கு அதில் பாதியைத் தாண்டிக் கேட்டால், கடன் போட்டாவது புது சிஎன்ஜி எடுப்பதா என்று ஒருமுறை யோசிக்கலாம். புது இன்ஜினின் மைலேஜ் வித்தியாசமே தவணையில் ஒரு பகுதியைக் கட்டும். பாதிக்கும் கீழே, நல்ல பாடியோடு கிடைத்தால் பழையதுதான் கணக்குக்குச் சரி. எப்படி வாங்கினாலும் விலையில் 10 முதல் 15 சதவீதம் முதல் மாத வேலைக்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பாதுகாப்பில் எதிர்பார்ப்பு வேண்டாம். ஏர்பேக் இல்லாத ஈக்கோ 2016 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஒரு நட்சத்திரமும் வாங்கவில்லை. 2019க்கு முந்தைய வண்டிகளில் ஏபிஎஸ் கிடையாது. காலி வண்டியில் மழைநாளில் பிரேக்கைத் திடீரென்று மிதித்தால் பின்புறம் வழுக்கும். ஏற்றும்போது கனமானதை முன் சீட்டுக்குப் பின்னால் ஒட்டி, தரையோடு வையுங்கள். வால் பக்கம் குவித்தால் முன் சக்கரம் லேசாகி ஸ்டியரிங் மிதக்கும்.

பணம் கொடுக்கிற நாளில் படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்குவதோடு நிற்காமல், பெயர் மாற்றத்துக்கான விண்ணப்பத்தை அன்றைக்கே போட்டுவிடுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக் பழைய உரிமையாளருடையது. அவரை விட்டே அதை மூடச் சொல்லிவிட்டு உங்கள் பெயரில் புதிது வாங்குங்கள். அவர் மூடாதவரை அந்த வண்டி எண்ணுக்கு இன்னொரு டேக் கிடைக்காது.